நினைவுக்கு மூன்று வோல்ட்

"என்ன வேணா பண்ணிக்கோ. நியூ கேம் மட்டும் அமுக்கிடாதே."

2012 கோடை விடுமுறையில் பெரியம்மா பையன் தன் கேம்பாய் அட்வான்ஸ் எஸ்.பி.யை என் கையில் கொடுத்தபோது சொன்னது இது. எனக்கு எட்டு வயது. அண்ணா அப்போது இன்ஜினியரிங் மாணவன். கருவியில் சொருகியிருந்த கேசட் 'போகிமான் எமரால்டு'. (கார்ட்ரிட்ஜ் என்பதுதான் சரியான பெயர். ஆனால் மயிலாப்பூரில் நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கேசட்தான்.) அந்தக் கேசட்டில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் சேமித்து வைக்க முடியும். நான் புதிதாக ஆரம்பித்து சேவ் செய்தால் அண்ணாவின் ஆட்டம் அழிந்துவிடும். ஆக, நான் விளையாட வேண்டுமானால் அண்ணாவின் பெயரில், அண்ணா விட்ட இடத்திலிருந்துதான் விளையாட வேண்டும்.

வீடியோ கேமைப் பற்றி வரலாற்றுக் கட்டுரையா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்தவள்தான். ஆனால் ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம்களின் (இனி சுருக்கமாக ஆர்.பி.ஜி.) கதையைத் துருவிப் பார்த்தால், அதில் பாதி ஒரே கேள்விக்கு விடை தேடிய கதை: விளையாடியவன் விட்ட இடத்தை இயந்திரம் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? அண்ணாவின் எச்சரிக்கைக்கும் அந்தக் கேள்விக்கும் நேரடியான சம்பந்தம் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மந்திரத்தைத் தாளில் எழுதிய காலம்

ஆர்.பி.ஜி. ஜப்பானில் பிறந்ததல்ல. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற, தாளும் பகடையும் வைத்து ஆடும் ஆட்டம்தான் மூலம். அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோன 'விசார்ட்ரி', 'அல்டிமா' இரண்டும் 1981இல் வந்தன. யூஜி ஹோரி என்ற ஜப்பானியர் இவை இரண்டையும் ஆடிக் கிறங்கிப்போனார். சின்னப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி எளிமையாக்கி 1986 மே 27 அன்று 'டிராகன் குவெஸ்ட்' என்ற ஆட்டத்தைத் தந்தார். சித்திரங்கள் 'டிராகன் பால்' புகழ் அகிரா டோரியாமா. இசை கோய்ச்சி சுகியாமா. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹிரோனோபு சகாகுச்சியின் 'பைனல் பேண்டசி' வந்தது. ஜப்பானிய ஆர்.பி.ஜி. என்று இன்று நாம் சொல்கிற வகைக்கு இந்த இரண்டும்தான் அடித்தளம்.

முதல் டிராகன் குவெஸ்டின் கேசட்டில் மொத்த இடம் 64 கிலோபைட். இன்று ஒரு போன் போட்டோவை அதில் அடைக்க முடியாது. அந்த இடத்துக்குள் ஒரு நாட்டையே வைக்க வேண்டும். எழுத்துருவுக்குக்கூட இடம் போதவில்லை. கதகானா எழுத்துகளில் ஏறக்குறைய இருபதை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த இருபதில் அடங்குகிற மாதிரி அரக்கர்களுக்கும் மந்திரங்களுக்கும் பெயர் தேர்ந்தெடுத்தார்கள்.

சேமிப்பதற்கு? கேசட்டில் எழுதிவைக்க வழியே கிடையாது. ஊர் ராஜாவிடம் போய் நின்றால் அவர் இருபது எழுத்து கொண்ட ஒரு மந்திரத்தைச் சொல்வார். அதைத் தாளில் எழுதிக்கொண்டு மறுநாள் அப்படியே திரும்ப உள்ளிட்டால் விட்ட இடத்துக்கு வரலாம். 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மந்திரம் 52 எழுத்து வரை நீண்டது. ஓர் எழுத்து பிசகினால் நேற்றைய உழைப்பெல்லாம் போச்சு. எங்கள் பாட்டி சுலோகத்தில் ஓர் எழுத்து மாறினால் பலனில்லை என்பாள். ஜப்பானியக் குழந்தைகள் அதை வீடியோ கேமில் அனுபவித்திருக்கிறார்கள்.

1988 பிப்ரவரியில் வந்த மூன்றாம் பாகம் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. கேசட்டுக்குள்ளேயே ஒரு சின்ன நினைவகச் சில்லும், அதன் உயிரைப் பிடித்து வைக்க மூன்று வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்றும் வைத்தார்கள். கைக்கடிகாரத்தில் இருக்குமே, அதே பொத்தான் பேட்டரிதான். கருவியை அணைத்தாலும் இந்தப் பேட்டரி துளித்துளியாக மின்சாரம் கொடுத்து நினைவகத்தைக் காப்பாற்றும். கேசட்டை அசைத்தாலோ, அணைக்கும்போது ஏதாவது பிசகினாலோ எல்லாம் அழிந்தும் போகும். அப்படி அழிந்தால் அமங்கலமான இசையோடு ஓர் இரங்கல் வாசகம் திரையில் வரும். அந்தத் தலைமுறை ஜப்பானியர்களுக்கு இன்றும் அந்த இசையைக் கேட்டால் வயிற்றைக் கலக்குமாம்.

பைக்குள் வந்த உலகம்

நின்டெண்டோவின் கேம்பாய் 1989 ஏப்ரல் 21 அன்று 12,500 யென் விலையில் ஜப்பானில் வெளிவந்தது. அதன் பின்னால் இருந்தவர் குன்பே யோகோய். பழகிப்போய் விலை மலிந்த தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. போட்டிக் கருவிகள் வண்ணத் திரையோடு வந்தபோது கேம்பாய் பச்சை கலந்த நான்கே நிழல்களோடு வந்தது. 160க்கு 144 புள்ளிகள். பின்விளக்கு கிடையாது. ஆனால் நான்கு பென்சில் பேட்டரியில் நாள்கணக்கில் ஓடியது. வண்ணக் கருவிகள் சில மணி நேரத்தில் பேட்டரியைக் குடித்துவிட்டுத் தூங்கின. ஜெயித்தது பச்சைத் திரைதான்.

அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஸ்கொயர் நிறுவனம் 'சாகா' வரிசையின் முதல் ஆட்டத்தை வெளியிட்டது. கேம்பாயில் வந்த முதல் ஆர்.பி.ஜி. அதுதான். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற ஸ்கொயரின் முதல் ஆட்டமும் அதுவே. வடிவமைத்தவர் அகிடோஷி கவாசு. நரிதா விமான நிலையத்திலிருந்து ஹோனலுலு போய்ச் சேருகிற ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி ஆட்டத்தின் நீளத்தைத் திட்டமிட்டார்களாம். இன்னொன்றும் செய்தார்கள். ராஜாவைத் தேடிப் போகாமல், நின்ற இடத்தில் சேவ் செய்யலாம்.

இது சின்ன வசதி மாதிரித் தெரியும். கையடக்கக் கருவியின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. டி.வி.யில் ஆடுகிறவர் உட்கார்ந்து ஆடுகிறார். கையில் வைத்து ஆடுகிறவருக்கு ஸ்டேஷன் வந்துவிடும், அம்மா கூப்பிடுவாள், கரண்ட் வந்துவிடும். எந்த நிமிடத்திலும் மூடி வைக்க முடிந்தால்தான் ஐம்பது மணி நேரக் கதையைப் பத்துப் பத்து நிமிடமாக வாழ முடியும்.

பிறகு 1996 பிப்ரவரி 27. கேம்பாய்க்கு வயதாகிவிட்டது, இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் 'போகிமான்' சிவப்பு, பச்சை என்று இரண்டு கேசட்டுகள் வந்தன. டோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில் வளர்ந்த சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடிக்கிற பைத்தியம். ஊர் வளர்ந்து குளமும் வயலும் கட்டடங்களாகிவிட, அந்தச் சந்தோஷம் இனிவரும் பிள்ளைகளுக்குக் கிடைக்காதே என்று நினைத்தார். இரண்டு கேம்பாய்களை இணைக்கும் வயரைப் பார்த்தபோது அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து போவது மாதிரி அவருக்குத் தோன்றியதாம். அந்தக் கற்பனையை ஆட்டமாக்க ஆறு ஆண்டுகள் பிடித்தன. கம்பெனி மூழ்கும் நிலைக்கே போய்விட்டது. கடைசி நேரத்தில் சோதனைக் கருவிகளை நீக்கியதில் சுமார் 300 பைட் இடம் மிச்சமானது. அதற்குள் ஷிகேகி மொரிமோட்டோ என்ற நிரலர் 151ஆவதாக ஒரு பிராணியைப் புகுத்தினார். அதுதான் 'மியூ'. இருக்கிறதா இல்லையா என்ற வதந்தியே ஆட்டத்தை விற்றுக் கொடுத்தது.

1999இல் வந்த 'கோல்டு', 'சில்வர்' கேசட்டுகளில் கடிகாரமும் சேர்ந்தது. நிஜ உலகில் இரவானால் ஆட்டத்திலும் இரவு. இந்தக் கடிகாரமும் அதே பொத்தான் பேட்டரியில்தான் ஓடியது. நேரத்தையும் நினைவையும் ஒரே பேட்டரி சுமந்ததால் அது சீக்கிரம் தீர்ந்தது. தீர்ந்த அன்று சேமித்ததெல்லாம் போனது. 2002இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு 'ரூபி', 'சபையர்' வந்தபோது பாடம் கற்றிருந்தார்கள். சேமிப்பு பேட்டரி தேவைப்படாத பிளாஷ் நினைவகத்துக்கு மாறியது. பேட்டரியின் வேலை கடிகாரத்தை ஓட்டுவது மட்டும். 2004இல் ஜப்பானிலும் 2005இல் அமெரிக்காவிலும் வந்த 'எமரால்டு' இதே அமைப்புதான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

பாரிமுனை வழியாக வந்த ஜப்பான்

இதெல்லாம் ஜப்பானில். நம்மூரில்?

அண்ணாவின் வயதுக்காரர்கள் முதலில் பார்த்தது 'டி.வி. கேம்'. நின்டெண்டோவின் பழைய கருவியைப் பார்த்துச் செய்த நகல். ஒரு கேசட்டில் நூறு ஆட்டம் என்று லேபிள் இருக்கும், போட்டுப் பார்த்தால் பத்து ஆட்டமே திரும்பத் திரும்ப வரும். மரியோ, காண்ட்ரா, டாங்கி. அவற்றில் ஆர்.பி.ஜி. இருந்து அண்ணா பார்த்ததே இல்லை. காரணம் எளிது. ஆர்.பி.ஜி.க்கு நினைவகமும் பேட்டரியும் வேண்டும், மலிவு நகலில் யார் அதற்குச் செலவழிப்பார்கள்? நினைவில்லாத ஆட்டங்கள்தான் நமக்கு முதலில் வந்து சேர்ந்தன.

2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் போகிமான் தொடர் வந்தது. ஸ்கூல் முழுக்க அதே பேச்சு. ஆட்டம் என்று ஒன்று இருப்பது தெரிந்ததும் அண்ணா பெரியப்பாவை நச்சரித்து, திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினான். அந்த ரயில் 1997இல் மயிலாப்பூருக்கு வந்தது. ஏறி உட்கார்ந்தால் சிந்தாதிரிப்பேட்டை வரும், இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. இறங்காமல் போனால் கடைசி ஸ்டேஷன் கடற்கரை. வெளியே வந்தால் ராஜாஜி சாலை, பர்மா பஜார். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்கு அதைவிட வசதியான தடம் வேறில்லை.

பர்மா பஜாரின் கதையும் ஒரு வகையில் சேமித்ததை இழந்தவர்களின் கதைதான். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகள், வியாபாரங்கள் அரசுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறி வெறுங்கையோடு சென்னையில் இறங்கினார்கள். அவர்கள் பிழைக்கப் பாரிமுனை ஓரம் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள் ஒதுக்கப்பட்டன. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலத்தில் 'பாரின்' சாமானுக்கு ஊரே அங்கே போனது. வாசனைத் திரவியம், டேப் ரெக்கார்டர், பிறகு வி.சி.டி., பிறகு விளையாட்டுக் கேசட். உலகத்தின் பெரிய கம்பெனிகள் நம்மை ஒரு சந்தையாகவே மதிக்காத நாளில், எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் நடத்திய கடைத்தெருதான் நமக்கு ஜன்னலாக இருந்தது.

அண்ணாவின் முதல் கேசட்டை எந்தத் தெருவில், எந்தக் கடையில் வாங்கினான் என்பது வேண்டாம். 'சபையர்' என்று லேபிள் இருந்தது. நீலம் கொஞ்சம் வெளிறியிருந்ததைப் பதினோரு வயதுப் பையன் கவனிக்கவில்லை. ஒரு வாரம் ஆடினான். எட்டாம் நாள் போட்டால் சேவ் இல்லை. போலிக் கேசட். அதற்கப்புறம் அவன் கண்டுபிடித்த உபாயம் கருவியை அணைக்காமலே வைத்திருப்பது. சார்ஜரைச் சொருகி, பீரோ மேல், திரை எரிய எரிய. பெரியம்மா தூசி தட்டும்போது ஒருநாள் அணைத்துவிட்டாள். மூன்று நாள் சாப்பிடாமல் அழுதான் என்று இன்றும் சொல்லிச் சிரிப்பாள். அழுதவனுக்குத்தான் தெரியும்.

பணம் இல்லாதவர்களுக்கு வேறொரு வழி இருந்தது, எமுலேட்டர். கேம்பாய் மாதிரி நடிக்கிற ஒரு கம்ப்யூட்டர் நிரல். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்துக் கீபோர்டில் ஆடியவர்கள் எத்தனையோ பேர். அது திருட்டா? சட்டப்படி ஆம். அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் அதே எமுலேட்டர் இல்லாவிட்டால் சில ஆட்டங்கள் ஜப்பானைத் தாண்டியே இருக்காது. 2006இல் ஷிகேசாட்டோ இட்டோய் எழுதிய 'மதர் 3' ஜப்பானில் மட்டும்தான் வெளிவந்தது. ரசிகர்களே கூடி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2008 அக்டோபரில் இலவசமாக வெளியிட்டார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அதைப் படித்து நான் கண்கலங்கியிருக்கிறேன். யாருக்கு நன்றி சொல்வது?

அண்ணாவுக்கு நல்ல காலம் 2005 தீபாவளிக்கு வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா அசல் 'எமரால்டு' கேசட்டை வாங்கி வந்தார். இந்த முறை அணைத்தாலும் போகவில்லை.

அண்ணா பெயரில் மூன்று ஆண்டுகள்

2012இல் சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. விசிறியும் இல்லை, டி.வி.யும் இல்லை. கோட்டூர்புரத்தில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் எஸ்.பி.யைத் திறந்தால் அதற்கென்று சொந்தமாக ஒரு சின்ன வெளிச்சம். ஒருமுறை சார்ஜ் போட்டால் பத்து மணி நேரம் வரும். மின்வெட்டுக்கென்றே செய்த சாதனம் மாதிரி.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த பதில்: வாசிப்பு. இந்த ஆட்டங்கள் கை வேகத்தைக் கேட்பதில்லை. ஊருக்கு ஊர் நடந்து, கதவைத் தட்டி, முன்பின் தெரியாதவர்கள் சொல்வதைப் படிக்க வேண்டும். திரையின் அடியில் இரண்டு வரிப் பெட்டி. ஒருவர் பழம் கொடுப்பார், ஒருவர் தொலைந்த மகனைப் பற்றிப் பேசுவார், ஒருவர் சும்மா வானிலை பற்றிச் சொல்வார். எந்தப் பேச்சு பிறகு பயன்படும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் படித்தேன். தமிழ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு முடித்த எனக்கு ஆங்கிலம் சரளமானது எந்த டியூஷனாலும் அல்ல, அந்த இரண்டு வரிப் பெட்டியால்.

இன்னொன்று, பொறுமை. இந்த வகை ஆட்டங்களில் பலம் கூட ஒரே புல்வெளியில் நூறு முறை நடக்க வேண்டும். வெளியாருக்கு அது அலுப்பு. எனக்கு அது மார்கழிக் கோலம் மாதிரி. இன்றைக்குப் போட்டதுதான் நாளைக்கும். ஆனால் கை பழகிக்கொண்டே வரும்.

அண்ணா பிடித்து வைத்திருந்த பிராணிகளுக்கெல்லாம் வீட்டு மனிதர்களின் பெயர் சூட்டியிருந்தான். பறவைக்கு என் அம்மா பெயர், சண்டைக்காரனுக்குப் பெரியப்பா பெயர். 'தோர்கோல்' என்று ஓர் ஆமை உண்டு, முதுகிலிருந்து புகைவிடும். அதன் பெயர் 'பாட்டி'. காலையில் ஆவி பறக்கும் காபி டம்ளரோடு மெதுவாக நடந்து வரும் எங்கள் பாட்டியைப் பார்த்தால் காரணம் புரியும். பாட்டிக்கு அதைக் காட்டியபோது, "என்னடா, என்னைப் போய் ஆமை ஆக்கிட்டே?" என்று கேட்டாளாம். பிறகு தினமும் "ஆமை சாப்பிட்டுச்சா?" என்று விசாரிப்பாளாம். 2010இல் பாட்டி போய்விட்டாள். ஆமை இருந்தது.

எனக்கு ஒரு குறைதான். யாரிடம் பேசினாலும் அண்ணா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆங்கிலப் பதிப்பில் ஆட்டக்காரர் பெயருக்கு ஏழு எழுத்துதான் இடம். அண்ணா பெயர் கச்சிதமாக ஏழு. என் பெயர் ஆங்கிலத்தில் ஒன்பது. நியூ கேம் அமுக்கினாலும் நான் உள்ளே அடங்க மாட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, ஜப்பானியப் பதிப்பில் பெயருக்கு ஐந்தே எழுத்து. அவர்களுக்கு அது போதும், ஏனென்றால் கானா எழுத்து நம் உயிர்மெய் மாதிரி. ஓர் எழுத்துக்குள் மெய்யும் உயிரும் சேர்ந்தே இருக்கும். அந்தக் கானாவின் வரிசையைப் பாருங்கள்: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ' பழங்காலத்தில் 'ப' ஆக இருந்தது. இப்போது நம் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்று சொல்லிப் பாருங்கள். பௌத்தத் துறவிகள் சமஸ்கிருதத்தைப் படிக்க இந்தியாவிலிருந்து போன எழுத்துமுறையைக் கற்றபோது அந்த வரிசையும் கூடவே போனது. (தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பேராசிரியர் சுசுமு ஓனோ வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. நான் சொல்வது மொழி உறவு அல்ல, எழுத்து அடுக்கின் ஒழுங்கு மட்டும்.)

என் பெயர் தமிழில் நான்கு எழுத்து. ஐந்து கட்டத்தில் போட்டாலும் ஒன்று மிஞ்சும். கேம்பாயில் ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளிகள்தான் இடம். கிராப் நோட்டில் தமிழ் எழுத்துகளை அந்தக் கட்டத்துக்குள் வரைந்து பார்த்தேன். 'ட', 'ப' அழகாக உட்கார்ந்தன. 'ணை', 'கௌ' எல்லாம் பக்கத்துக் கட்டத்தில் கால் நீட்டின. கஷ்டம்தான், ஆனால் முடியாததில்லை. இருபது எழுத்தை வைத்து ஒரு நாட்டைக் கட்டியவர்கள் இருக்கிறார்களே. யாரும் முயலவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 2015

2014இல் அண்ணா மேல்படிப்புக்கு ஜெர்மனி போனான். எஸ்.பி. பெரியம்மா வீட்டிலேயே இருந்தது.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு கரையை மீறியது. இரவோடு இரவாகக் கோட்டூர்புரத்தில் தண்ணீர். பெரியம்மா வீடு தரைத்தளம். பெரியப்பாவும் பெரியம்மாவும் மாடி வீட்டில் தங்கி உயிர் பிழைத்தார்கள். ஐந்து நாள் கழித்து நாங்கள் போய்ப் பார்த்தபோது சுவரில் என் தோளுக்கு மேலே சேற்றுக் கோடு. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் ஒட்டிப்போய் ஒரே கட்டியாக இருந்தன. பிரித்தால் வண்ணம் மட்டும் கையில் வந்தது. பாட்டியின் அறுபதாம் கல்யாணம், அண்ணாவின் முதல் பிறந்தநாள், எல்லாம். பெரியம்மா அந்தக் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்காது.

எஸ்.பி. சேற்றில் ஊறிச் செத்துப்போயிருந்தது. கேசட்டை மட்டும் எடுத்து, கழுவி, வெயிலில் வைத்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதாலோ என்னவோ. அண்ணாவிடம் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை அவன். ஆல்பம் போன வீட்டில் கேசட்டைப் பற்றி யார் கேட்பார்?

போன வருடம் ஒரு பழைய டி.எஸ். லைட் வாங்கினேன். அதன் அடியில் கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டுக்கு ஓர் இடம் உண்டு. டப்பாவைத் திறந்தேன். மூன்று சிறகு வாய் கொண்ட அந்த விநோத ஸ்க்ரூவைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் தேடியே இரண்டு நாள் போனது. உள்ளே பேட்டரி பச்சை பூத்திருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தேன். மூடினேன். போட்டேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை வந்தது. உள் பேட்டரி தீர்ந்துவிட்டது, ஆடலாம், ஆனால் நேரத்தைச் சார்ந்தவை இனி நடக்காது என்று. அடுத்த திரையில் 'கன்டினியூ'. அண்ணா பெயர். 211 மணி நேரம்.

சொன்னேனே, சேமிப்பை பேட்டரியிடமிருந்து பிரித்து பிளாஷ் நினைவகத்துக்கு மாற்றினார்கள் என்று. எங்கோ ஒரு பொறியாளர் எடுத்த அந்த ஒரு முடிவால்தான் அன்று என் கையில் அது இருந்தது. பழைய முறையாக இருந்திருந்தால் பேட்டரியோடு எல்லாமே போயிருக்கும். கடிகாரம் மட்டும் நின்றிருந்தது. வெள்ளத்துக்கு முன் நான் நட்ட பழச்செடி முளைவிட்ட நிலையிலேயே நிற்கிறது. இனி வளராது.

அண்ணாவுக்கு போன் செய்தேன். கேசட் ஓடுகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு ஒரே கேள்வி: "பாட்டி இருக்காங்களா?"

பெட்டியைத் திறந்து பார்த்துச் சொன்னேன். இருக்காங்க.

128 கிலோபைட்

அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அங்கே வெளிவந்த பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விலை கொடுத்து வாங்க முடியாத நிலையில் இருக்கின்றனவாம். அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ 3டி.எஸ். கருவிக்கான இணையக் கடையை மூடியது. ஆட்டங்களுக்கே இந்தக் கதி என்றால் அவற்றுக்குள் நாம் விட்டு வந்த பெயர்களை யார் பாதுகாப்பார்கள்? எந்த நூலகத்திலும் 'பாட்டி' என்ற ஆமை இல்லை. ஆட்டம் உலகத்துக்குப் பொது. சேவ் மட்டும் நம்முடையது.

கேசட்டைக் கம்ப்யூட்டருக்குப் படியெடுக்கும் ஒரு சின்னக் கருவி கிடைக்கிறது. அதை வாங்கி அண்ணாவின் சேவை எடுத்தேன். 128 கிலோபைட். ஒரு பிரதி என்னிடம், ஒன்று அவனிடம், ஒன்று பெரியம்மா போனில். பெரியம்மாவுக்கு அதைத் திறக்கத் தெரியாது. "இருக்கட்டும்டி, வெச்சுக்கறேன்" என்றாள்.

அந்த இரவு அண்ணா போனிலேயே இருந்தான். "சரி, இப்ப அமுக்கு" என்றான்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து நியூ கேம் அமுக்கினேன். பெயர் கேட்டது. ஏழு கட்டங்கள். என் பெயரை வெட்டிப் போட மனம் வரவில்லை. பாட்டி என்னைச் சுருக்கமாகக் கூப்பிடும் பெயர் ஒன்று உண்டு. அது அடங்கியது.